ஜான் ஸ்காட் ரசல்

ஜான் ஸ்காட் ரசல் (மே 9, 1808 – ஜூன் 8, 1882) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பொறியாளரும் கப்பல் வடிவமைப்பாளரும் ஆவார். தனி அலையை முதன்முதலில் கண்டு ஆராய்ந்தவர் இவரே.

வாழ்க்கை

கிளாஸ்கோ நகருக்கு அருகில் பிறந்த ரசல், 17ஆம் வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பின்னர் எடின்பரோவில் கணிதம் கற்பித்தார். 1844இல் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார். புரூனெல் வடிவமைத்த கிரேட் ஈஸ்டர்ன் என்னும் பெருங்கப்பல் இவரது தளத்தில் கட்டப்பட்டு 1858இல் நீரில் இறக்கப்பட்டது. இப்பணி இவருக்குப் பெரும் பண நெருக்கடியையே தந்தது.

தனி அலை

1834இல் எடின்பரோவை அடுத்த யூனியன் கால்வாயில் படகுகளை இவர் சோதித்துக் கொண்டிருந்தார். குதிரைகள் இழுத்துச் சென்ற படகொன்று திடீரென நின்றது. அதன் முன்புறம் திரண்ட நீர், சுமார் 30 அடி நீளமும் ஓர் அடிக்குச் சற்று மிகுந்த உயரமும் உள்ள ஒற்றை மேடாகத் தனியே முன்னோக்கிச் சென்றது. ரசல் குதிரையேறி அதனைப் பின்தொடர்ந்தார். மணிக்கு எட்டு, ஒன்பது மைல் வேகத்தில் சென்ற அவ்வலை, ஓரிரு மைல் தொலைவுக்குப் பின்னரே கண்ணுக்கு மறைந்தது.

வியந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. தொட்டியில் அத்தகைய அலைகளை உண்டாக்கி அளந்தார். நீரின் ஆழத்தையும் அலையின் உயரத்தையும் கூட்டிப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால் வேகத்தின் வர்க்கம் கிடைக்கும் எனக் கண்டார். ஆகவே உயர்ந்த அலை விரைந்து செல்லும். இம்முடிவுகள் 1844இல் வெளியாயின.

ஐயமும் விளக்கமும்

வடிவம் மாறாமல் செல்லும் ஒற்றை அலையை ஏரியும் ஸ்டோக்சும் ஐயுற்றனர். அலை தன் உயரத்தால் செங்குத்தாக முற்படுகிறது. அலைப்பிரிகை அதனைப் பரப்ப முற்படுகிறது. இவ்விரண்டும் சமன்படுவதாலேயே வடிவம் நிலைக்கிறது. பூசினெஸ்க் (1871), ரேலி (1876) ஆகியோர் இதற்குக் கணித விளக்கம் அளித்தபோது ரசல் உயிருடன் இருந்தார். கோர்ட்டவெக், டி விரீஸ் ஆகியோரின் நேரியலற்ற சமன்பாடு 1895இல் வெளிவந்தது. அதனை அவர் காணவில்லை. 1965இல் சபுஸ்கி, குருஸ்கல் ஆகியோர் இத்தகைய அலைகளுக்கு சொலிட்டான் எனப் பெயரிட்டனர்.

முன்னேறு அலைத் தீர்வு காண, இடத்தையும் காலத்தையும் வேகத்தின் வழியே ஒரே மாறியாக இணைப்பர். பகுதி வகைக்கெழுச் சமன்பாடு அப்போது சாதாரண வகைக்கெழுச் சமன்பாடாகச் சுருங்கும். அண்மைக் காலத்தில் பின்ன வரிசை வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கும் இவ்வழி கையாளப்படுகிறது. ஆயினும் சங்கிலி விதி அங்கே வழக்கமான எளிய வடிவில் பொருந்தாது. எனவே இவ்விதியை அப்படியே கொண்டு பெற்ற தீர்வுகளை, மூலச் சமன்பாட்டில் இட்டுப் பார்க்காமல் ஏற்பது தவறு.

1995இல் அதே கால்வாயில், ரசலின் பெயர் சூட்டப்பட்ட நீர்ப்பாலத்தில், அறிவியலாளர்கள் கூடி அவ்வலையை மீண்டும் உருவாக்கினர்.