அமைச்சர் பதவி இல்லாத எம்.பி.யால் என்ன செய்ய முடியும்? டி.ஆர். சீனிவாசகத்தின் கதை

பினாங்கு, தாசேக் கெலுகோரில் நீங்கள் ஓட்டு போடுபவராக இருக்கலாம். வேறு தொகுதியாகவும் இருக்கலாம். தேர்தல் முடிந்ததும் வரும் சந்தேகம் ஒன்றுதான்: நம்ம எம்.பி. அமைச்சராகலன்னா, நாடாளுமன்றத்தில் அவருக்கு என்ன வேலை?

பதில் தேட, கொஞ்சம் தெற்கே, 1960களின் ஈப்போவுக்குப் போவோம்.

யார் இவர்?

1921ல் பிறந்த டி.ஆர். சீனிவாசகம் ஒரு வழக்கறிஞர். கையில் காசில்லாதவர்களுக்காகவும் வாதாடுபவர் என்று ஈப்போவில் பேர் வாங்கியவர். 1953ல் அண்ணன் எஸ்.பி. சீனிவாசகத்துடன் சேர்ந்து கட்சி தொடங்கினார். பிபிபி என்று நாம் அறிந்த மக்கள் முற்போக்குக் கட்சி அதுதான். 1957ல் இடைத்தேர்தலில் வென்றார். 1959லும் 1964லும் ஈப்போ மக்கள் அவரையே மக்களவைக்கு அனுப்பினார்கள்.

1964 தேர்தலுக்குப் பிறகு, 159 பேர் கொண்ட மக்களவையில் அவர் கட்சிக்கு இருந்தது இரண்டே இடம். அண்ணன், தம்பி. அவ்வளவுதான்!

அப்படி என்ன செய்தார்?

1964ல், அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது அவையில் ஊழல் குற்றச்சாட்டு வைத்தார்.

இங்கே ஒன்றைக் கவனிங்க. அவைக்குள் பேசியதற்காக ஓர் உறுப்பினர் மீது வழக்குப் போட முடியாது. கூட்டரசு அரசியலமைப்பின் 63வது விதி தரும் பாதுகாப்பு அது. ஆகவே, அதே குற்றச்சாட்டை வெளியே வந்து சொல்லும்படி அமைச்சர் சவால் விட்டார்.

சீனிவாசகம் வெளியே வந்தார். அதையே சொன்னார். அவதூறு வழக்கும் வந்தது.

யோசிச்சுப் பாருங்க. தோற்றிருந்தால் இழப்பீடு கட்ட வேண்டும். அதைவிட, அவர் பேச்சை அப்புறம் யார் நம்புவார்கள்? ஆனால், 1965ல் நீதிமன்றத்தில் தோற்றது அமைச்சர்தான். அவர் பதவி விலகினார்.

எல்லாவற்றிலும் வென்றாரா?

இல்லை. தமிழும் சீனமும் அதிகாரத்துவ மொழிகளாக வேண்டும், இங்கே பிறந்தவர்களுக்குக் குடியுரிமை வேண்டும் என்று அவர் கட்சி கேட்டது. அரசாங்கத்திடம் பெரும்பான்மை இருந்தது. மொழிக் கோரிக்கை நிறைவேறவே இல்லை.

1969 மார்ச்சில் காலமானார். இரண்டே மாதத்தில் மே 13 கலவரம். நாடாளுமன்றம் முடக்கப்பட்டு, 1971ல் மீண்டும் கூடியது. அப்போது 63வது விதி திருத்தப்பட்டது. குடியுரிமை, தேசிய மொழி போன்ற அரசியலமைப்பு விதிகளைக் கேள்வி கேட்டுத் தேச நிந்தனைக் குற்றச்சாட்டுக்கு ஆளானால், அவைக்குள் பேசியதென்றாலும் பாதுகாப்பு இல்லை என்றானது. அவர் எழுப்பிய சில விஷயங்களும் அந்த எல்லைக்குள் வருபவைதான்.

உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

ஈப்போவில் அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. அவர் அவையில் பேசியதோ ஹன்சார்ட்டில், அதாவது நாடாளுமன்றப் பதிவேட்டில், இருக்கிறது. உங்கள் எம்.பி. பேசுவதும் அதில்தான் பதிவாகிறது. நாடாளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். அடுத்த தேர்தலுக்குள் ஒரு முறையாவது திறந்து பாருங்க. பேசினாரா, என்ன கேட்டார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.