வெள்ளிக் கம்பியும் மூன்று பெண்களும்

மகளிர் மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்பட்ட ஜேம்ஸ் மேரியன் சிம்ஸ் அவர்களுக்குப் புகழுரை எழுதவே நான் பேனாவை எடுத்தேன்.

அவர் 1813ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிறந்தார். அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரில் மருத்துவம் புரிந்தார். பிரசவ வலி நாட்கணக்கில் நீடித்தால், குழந்தையின் தலைக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே சிறுநீர்ப்பை நசுங்கித் துளை விழும். பிழைத்த தாய்க்குச் சிறுநீர் ஓயாமல் கசியும். ஊர் அவளை ஒதுக்கும். அத்துளையைத் தைக்க 1845 முதல் சிம்ஸ் முயன்றார். பட்டு நூல் தையல் சீழ்பிடித்துப் பிரிந்தது. 1849இல் வெள்ளிக் கம்பியால் தைத்தார், துளை மூடிற்று. 1852இல் அம்முறையை வெளியிட்டார். 1855இல் நியூயார்க்கில் பெண்கள் மருத்துவமனை நிறுவினார், 1883இல் மறைந்தார்.

ஆனால் அவர் கத்திக்கு உட்பட்டவர்கள் யார்? அனார்கா, பெட்சி, லூசி முதலிய அடிமைப் பெண்கள். மறுக்கும் உரிமை அற்றவர்கள். மயக்க மருந்தின்றி அனார்காவுக்கு மட்டும் 30 முறை அறுவை! இங்கே என் பேனா நின்றுவிட்டது.

2018இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவிலிருந்து சிம்ஸின் சிலை அகற்றப்பட்டது. அவர் கண்ட முறை பின்னர் எத்தனையோ தாய்மாரைக் காத்தது; அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் தோழர்களே, கண்டுபிடித்தவரை வணங்குமுன், வலி தாங்கியவர்களை நினைப்போம்.