எண்ணெய் கிடைக்காதுன்னு சொன்ன நிபுணர்கள்... உப்பு மேட்டை நம்பிய லூகாஸ்! யார் இவர்?

1901, ஜனவரி 10. அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில், போமாண்ட் ஊரை ஒட்டிய ஸ்பிண்டில்டாப் மேடு. ஆழ்துளையில் இருந்து முதலில் சேறு பொங்கியது. அடுத்து, உள்ளே இறக்கிய இரும்புக் குழாய்களே மேலே பறந்தன. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு 150 அடி உயரத்துக்குக் கறுப்பு எண்ணெய் பீய்ச்சி அடித்தது!

ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் பேரல் வெளியேறியதாக மதிப்பிட்டார்கள். கிணற்றை மூடவே 9 நாள் ஆனது. இதற்குப் பின்னால் இருந்தவர் ஆண்டனி லூகாஸ்.

யார் இந்த லூகாஸ்?

1855-ல், இன்றைய குரோஷியாவின் டால்மேஷியா கடலோரப் பகுதியில் பிறந்தவர். இயற்பெயர் ஆன்டூன் லூச்சிச். பொறியியல் படித்து, ஆஸ்திரியக் கடற்படையில் பணியாற்றினார். 1879-ல் அமெரிக்காவில் இருந்த உறவினரைப் பார்க்கப் போனவர், பெயரை மாற்றிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்.

அவர் வாழ்க்கையை மாற்றியது லூசியானா மாகாணத்தின் உப்புச் சுரங்க வேலை. மண்ணுக்கு அடியில் உப்பு தூண் மாதிரி எழும்பி நிற்கும் இடங்களை அங்கேதான் அவர் நெருக்கமாகப் பார்த்தார். அந்தத் தூண்களைச் சுற்றி எண்ணெயும் எரிவாயுவும் கந்தகமும் தேங்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது.

உப்புக்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்?

பூமிக்கு அடியில் எண்ணெய் ஏரி மாதிரி கிடப்பதில்லை. பாறையின் நுண்துளைகளில்தான் இருக்கும். தண்ணீரைவிட லேசானது என்பதால் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். தடுக்க ஏதும் இல்லையென்றால், தரைக்கு வந்து வீணாகிவிடும்.

அதனால் நான்கு விஷயம் ஒன்றாக அமையணும். எண்ணெய் உருவாகும் பாறை, அதைத் தாங்கும் துளையுள்ள பாறை, மேலே கசியவிடாத மூடி, கவிழ்த்த கிண்ணம் போன்ற வடிவம்.

உப்பு இதில் எப்படி உதவுகிறது? ஆழத்தில் புதைந்த உப்பு, சுற்றியுள்ள பாறைகளைவிட அடர்த்தி குறைந்தது. அழுத்தத்தில் மெல்ல மெல்ல மேலே தள்ளிக்கொண்டு வரும். வரும்போது மேலடுக்குகளை வளைத்து, எண்ணெய்க்கு 'பொறி' உண்டாக்கிவிடும். ஸ்பிண்டில்டாப் சுற்றுப்புறத்தைவிடச் சில மீட்டர்தான் உயரம். ஆனால் அந்தச் சின்ன மேடுதான் துப்பு.

யாருமே நம்பலை

அந்த மேட்டில் எண்ணெய் இருக்குன்னு முதலில் அடித்துச் சொன்னவர் உள்ளூர்க்காரரான பட்டில்லோ ஹிக்கின்ஸ். அவரது முயற்சிகள் தோற்றன. அவர் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து 1899-ல் வந்தவர் லூகாஸ். முதல் கிணறு 575 அடியிலேயே நின்றுபோனது. கையில் இருந்த பணமும் காலி.

அமெரிக்க அரசின் புவியியல் நிபுணரும், பெரிய எண்ணெய் நிறுவனத்தின் வல்லுநரும் இங்கே வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் கஃபி, கேலி என்ற இரு எண்ணெய்த் தொழிலதிபர்கள் பணம் போட்டார்கள். பதிலுக்கு, லூகாஸுக்குச் சிறிய பங்குதான். அதற்கும் சம்மதித்தார். ஆயிரம் அடி ஆழத்தைத் தாண்டியபோது பலன் கிடைத்தது.

அதன் பிறகு?

1902-ல் மட்டும் 1.7 கோடி பேரலுக்கு மேல் எண்ணெய் எடுத்தார்கள். கல்ஃப், டெக்சாகோ நிறுவனங்களின் தொடக்கமே இந்த மேடுதான். ஆனா, சின்ன இடத்தில் நூற்றுக்கணக்கான கிணறுகள் தோண்டியதால் அழுத்தம் குறைந்தது. இரண்டு மூன்று வருடத்திலேயே உற்பத்தி சரிந்தது. லூகாஸ் அதற்குள் விலகி, ஆலோசனைப் பொறியாளராகிவிட்டார். 1921-ல் வாஷிங்டனில் காலமானார்.

அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1925-ல் அதே இடத்தில் மறுபடியும் எண்ணெய் பொங்கியது. இந்த முறை உச்சியில் இல்லை, உப்புத் தூணின் பக்கவாட்டில், இன்னும் ஆழத்தில்! சாய்ந்த மணற்பாறை வழியாக ஏறிவந்த எண்ணெய், கசியவிடாத உப்புச் சுவரில் முட்டி அங்கேயே தேங்கியிருந்தது. இத்தனை வருடமும் பெரும்பாலானோர் மேட்டின் உச்சியைத்தான் துளைத்துக்கொண்டிருந்தார்கள். உப்புத் தூணைச் சுற்றித் தேடணும் என்ற லூகாஸின் கணக்கு, அவர் நினைத்ததைவிடப் பெரிய உண்மையாக இருந்தது. அதைப் பார்க்கத்தான் அவர் இல்லை.