சுழற்சிறகு கண்ட சியெர்வா

மலைநாட்டிற் பிறந்து வளர்ந்தோர்க்கு மூடுபனியின் இயல்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஹற்றனிலிருந்து நுவரெலியாவுக்குப் புறப்படும் பஸ் வண்டி, எதிரே வருவது யாதெனக் காணமாட்டாது வளைவுதோறும் தயங்கித் தயங்கிச் செல்வதை நாம் எல்லோரும் அறிவோம். 1974ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவிலிருந்து மக்கா யாத்திரிகர்களை ஏற்றிவந்த விமானம் ஒன்று, நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அணித்தாயுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதிற்று. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். அவ்விரவை நினைவிற் கொண்ட முதியோர் நம் தோட்டங்களில் இன்றும் உளர். ஆதலின் விமானம் என்றதும் வியப்போடு சிறிது அச்சமும் நம்மவர் நெஞ்சில் எழுதல் இயல்பே.

வானத்தில் ஏறியவன் வீழ்ந்து மடியாதிருக்க வழி யாது என்னும் ஒரே வினாவுக்கு விடை காண்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்ட பெரியார் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுதப் புகுந்தோம். அவரே ஒட்டோஜைரோ என்னும் சுழற்சிறகு விமானத்தைக் கண்ட ஹுவான் டெ லா சியெர்வா.

ஸ்பெயின் நாட்டின் முர்சியா நகரில், 1895ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர்; அரசியலிற் புகுந்து அமைச்சராயும் விளங்கியவர். செல்வக் குடியிற் பிறந்த சிறுவனுக்கோ அரசியலில் நாட்டஞ் செல்லவில்லை. பறவைகளின் பின்னும் பட்டங்களின் பின்னுமே உள்ளம் ஓடிற்று. பதினாறு வயதளவில், பார்காலா, டீயஸ் என்னும் தோழர் இருவருடன் கூடி, சிதைந்துபோன ஒரு விமானத்தின் உறுப்புக்களைக் கொண்டு புதியதொரு விமானத்தை அமைத்தார். நண்டு என்னும் பொருள்படப் பெயர் பெற்ற அவ்விமானம் 1912இல் வானிற் பறந்தது. ஸ்பெயினில் உருவாகி நன்கு பறந்த முதல் விமானம் அதுவே என்பர். பின்னர் அவர் மத்ரித் நகரிற் பயின்று, பாதையும் பாலமும் அமைக்கும் பொறியியலாளராகத் தேறினார்.

1919ஆம் ஆண்டில் அவர் வாழ்க்கை திரும்பியது. இராணுவத்தின் பொருட்டு மூன்று இயந்திரங்கள் பூட்டிய பெரிய விமானமொன்றை அவர் வகுத்திருந்தார். அதனைச் சோதித்த விமானி, நிலத்துக்கு மிக அருகில் வேகத்தைக் குறைத்துத் திரும்பியபோது அது வீழ்ந்து நொறுங்கியது. விமானி உயிர் தப்பினார், விமானம் தப்பவில்லை. பிழை எங்குளதெனச் சியெர்வா ஆராய்ந்தார். நிலையான சிறகுடைய விமானம் எதுவாயினும், வேகங் குன்றியவிடத்துச் சிறகு தாங்குஞ் சக்தியை இழந்துவிடும். விமானியின் ஒரு கணத் தவறுக்கு உயிரே விலையாகும். விமானத்தின் வேகம் குறைந்தாலும் சிறகின் வேகம் குறையாதிருக்க வழியுண்டா என்று அவர் வினவிக்கொண்டார். சிறகையே சுழலவிட்டால் என்ன என்பதே அவர் கண்ட விடை.

வன்னிக் காடுகளில் தணக்கு மரத்தின் காயைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். இரு சிறகு விரித்த அக்காய் கிளையினின்று கழன்றதும் கல்லைப்போல் விழுவதில்லை. காற்றே அதனைச் சுழற்ற, அச்சுழற்சியே அதனைத் தாங்க, மெல்ல மெல்ல நிலத்தில் இறங்கும். ஒட்டோஜைரோவின் தத்துவமும் அதுவே. முன்னுள்ள இயந்திரம் விமானத்தை முன்னோக்கி இழுக்கும். தலைக்கு மேலுள்ள நீண்ட அலகுகளை இயந்திரம் சுழற்றுவதில்லை; எதிர்ப்படும் காற்றே சுழற்றும். இயந்திரம் நின்றாலும் அலகுகள் நில்லா. விமானம் தணக்கங்காய்போல் இறங்கும்.

எண்ணம் எளிது, செயல் அரிது. முதலில் அமைத்த மூன்று விமானங்களும் எழ முயன்று ஒருபுறஞ் சாய்ந்து கெட்டன. காற்றை எதிர்த்து முன்வரும் அலகு மிகுதியாய்த் தூக்குகிறது. பின்செல்லும் அலகு குறைவாய்த் தூக்குகிறது. ஆகவே விமானம் கவிழ்கிறது என்பதை அவர் கண்டார். அலகுகளை இறுகப் பிணிக்காது, கதவுக்குக் கீல் வைப்பதுபோல் ஒவ்வொன்றின் அடியிலும் கீல் அமைத்தார். முன்வரும் அலகு சற்றே உயர்ந்தும் பின்செல்லும் அலகு சற்றே தாழ்ந்தும் தாமே நடுநிலை கொண்டன. 1923ஆம் ஆண்டு ஜனவரியில் ஹெதாபே விமானத் திடலில், கோமெஸ் ஸ்பென்சர் என்னும் இராணுவ அதிகாரி செலுத்த, நான்காம் விமானம் நேராக எழுந்து பறந்தது. சில நாட்களுள் இயந்திரம் பழுதுபட, அது ஊறின்றி மெல்ல இறங்கித் தன் பெருமையைத் தானே நிலைநாட்டியது.

1925இல் இங்கிலாந்தின் பார்ன்பரோவில் அதனைப் பறக்கவிட்டுக் காட்டினார். ஸ்கொத்லாந்துச் செல்வர் ஜேம்ஸ் வியர் துணைநிற்க, மறு ஆண்டு அங்கே கம்பனி நிறுவினார். 1927இல் ஒரு விமானத்தின் அலகு வானில் முறிந்தது. அவர் அதனை மறைக்கவில்லை. காரணம் ஆய்ந்து, அலகு முன்னும் பின்னும் சிறிது அசையுமாறு இரண்டாவது கீலையும் சேர்த்தார். தோல்வி ஒவ்வொன்றையும் ஆசானாகக் கொண்டமையே அவர்தம் தனிச்சிறப்பு.

இன்னுமொரு பண்பு நம் மாணவர்க்கு எடுத்துக்காட்டாகும். தாம் அமைத்ததைப் பிறர் செலுத்தக் கண்டு அவர் அமையவில்லை. முப்பது வயது கடந்த பின், புதிய மாணவனைப்போல் விமானமோட்டப் பயின்று, 1928ஆம் ஆண்டு செப்டெம்பர் 18ஆம் நாள், பயணி ஒருவரையும் ஏற்றிக்கொண்டு, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இலண்டனிலிருந்து பாரிஸ் சேர்ந்தார். 1934இல் ஸ்பெயினின் கடற்படைக் கப்பலொன்றின் தளத்தில் தாமே இறக்கியுங் காட்டினார். அமெரிக்காவில் பிட்கேர்ன் என்பார் உரிமை பெற்று அமைத்த ஒட்டோஜைரோவில், 1931இல் அமீலியா ஏர்ஹார்ட் அம்மையார் 18,000 அடிக்கு மேல் உயர்ந்து பறந்தார்.

அவர் படைப்புக்களுட் சிறந்தது சீ-30 என்பது. பக்கச் சிறகு அதற்கில்லை. சுழலும் அலகுகளின் தலையையே ஒரு பிடியாற் சாய்த்துத் திசை திருப்பலாம். அலகுகளை மடித்துக் கொட்டகையில் வைக்கலாம். ஏவ்ரோ கம்பனி 70க்கு மேற்பட்டவற்றை அமைத்தது. இராணுவத்தாரேயன்றித் தனிமனிதரும் வாங்கினர். வாங்குவோர் பயிலுதற்கென இலண்டனை அடுத்த ஹன்வொர்த்தில் பள்ளியொன்றும் நடைபெற்றது. கருவியும் கல்வியும் பிரியலாகா என்பது அங்கே தெளிவாயிற்று.

1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. பிராங்கோவைக் கனேரித் தீவுகளிலிருந்து மொரொக்கோவுக்குக் கொண்டுசென்ற விமானத்தை இலண்டனில் வாடகைக்கு அமர்த்த உதவியவருள் சியெர்வாவும் ஒருவர். அக்கிளர்ச்சியின் பயனாய் விளைந்த நெடுந் துன்பத்தை எண்ணுங்கால், இச்செயலை நாம் புகழ்தற்கில்லை, மறைத்தலும் முறையன்று. அப்போரில் மறுதரப்பினரால் அவர் உடன்பிறந்தார் ஒருவரும் கொல்லப்பட்டார்.

அவ்வாண்டு டிசெம்பர் 9ஆம் நாள் காலை, குரொய்டன் விமான நிலையம் மூடுபனியில் மூழ்கியிருந்தது. அம்ஸ்ரடாம் செல்லும் சாதாரண பயணிகள் விமானத்தில் சியெர்வா ஏறியிருந்தார். எழுந்த விமானம் வழி பிறழ்ந்து வீடொன்றில் மோதித் தீப்பற்றியது. அதிலிருந்த 17 பேருள் 15 பேர் மாண்டனர். அவருள் அவரும் ஒருவர். வயது 41. வீழாத விமானத்தைத் தேடியவர் பிறிதொரு விமானத்தில் வீழ்ந்தார். ஊழின் போக்கை என்னென்பது!

ஆயினும் அவர் வைத்த கீல்கள் மாளவில்லை. பின்வந்த ஹெலிகொப்டர்கள் அவற்றைக் கொண்டே நிலைபெற்றன. வெள்ளத்திலும் மண்சரிவிலும் நம் மக்களை மீட்க வரும் ஹெலிகொப்டர்களைக் காணும்போது அவரையும் நினைத்தல் தகும்.

இக்காலத்தில் சிறிய ஜைரோ விமானங்களைத் தனிமனிதர் பல நாடுகளில் வாங்கிப் பறக்கின்றனர். பிறநாடுகளில் வாழும் நம் பழைய மாணவருள் எவரேனும் முதன்முதலாக ஒன்றை வாங்க எண்ணுவாராயின், சியெர்வாவின் வாழ்க்கையே தக்க வழிகாட்டி. விமானத்தைத் தேடுமுன் ஆசிரியரைத் தேடுக. அவர் கற்பிக்கும் இனத்தையே, இருவர் அமரத்தக்கதாய்த் தெரிந்துகொள்க. பழையதாயின் அலகுகளும் அவற்றின் தலையும் எத்தனை மணிநேரம் உழைத்தன என்பதை ஏடு கொண்டு ஆராய்க. நிறத்தையும் வேகத்தையும் பின்னர் நோக்கலாம். அது ஹெலிகொப்டர்போல் வானில் நிலைத்து நில்லாது. எழுவதற்கு ஓடுதளம் வேண்டும். நுவரெலியாபோல் 6,000 அடிக்கு மேற்பட்ட இடத்தில் காற்று மெலிதாதலின் இன்னும் நெடிது ஓடவேண்டும். வேகங் குன்றினும் அது சட்டென வீழாது என்பது மெய்யே. ஆயினும் பறக்கையில் மூக்கைத் திடீரெனக் கீழே தள்ளினால், அலகுகளின் மேலுள்ள சுமை நீங்கிச் சுழற்சி தளரும். அதன்பின் மீட்சி அரிது. பயிலாத கைக்குப் பிழையற்ற கருவி உலகில் இல்லை.

பிழையைக் கண்டு அஞ்சாது, அதனை மறைக்காது, அதனிடமே பாடங் கேட்ட அம்மேதையின் நெறி, வானிற் பறப்போர்க்கு மட்டுமன்றி மண்ணில் நடப்போர்க்கும் உரியதாகும். நம் கல்லூரியின் இளைஞர் அதனைக் கைக்கொள்வாராக.