கடல்நீர் சமைத்த ஹென்றி காஸ்

கடற்கரையினின்றும் பல காவதம் விலகி வாழும் ஒருவர், தம் வீட்டுக் கூடத்திலே கண்ணாடித் தொட்டியில் பவழமும் கடற்சாமந்தியும் வளர்த்தல் இக்காலத்தில் வியப்புக்குரிய செயலன்று. கடையில் விற்கும் உப்புக்கலவையை நிறுத்து நன்னீரிற் கரைத்து, அளவு கருவியால் சோதித்து, உயிர்களை அதில் விடுகின்றார். எந்நிறுவனத்தின் கலவை சிறந்தது, எதிற் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்று ஒப்பிட்டு வாதிப்போரும் பலர். இவ்வாதத்திற்குத் தோற்றுவாய் செய்தவருள் முதன்மையாக எண்ணத்தக்கவர் பிலிப்பு ஹென்றி காஸ் என்னும் ஆங்கில இயற்கை நூலார். அவர்தம் வரலாற்றை ஒருவாறு ஈண்டு உரைப்பாம்.

காஸ் கி. பி. 1810-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6-ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தையார் தாமஸ் காஸ், ஊர் ஊராய்ச் சென்று சிற்றுருவப் படம் எழுதிப் பிழைத்தவர். ஆதலின் குடும்பத்திற்குப் பொருள் வளம் இல்லை. ஆயினும் நுண்ணிய தூரிகையைப் பிடிக்கும் கை மகனுக்கு முதுசொமாக வந்தது. பிற்காலத்தே அவர் நூல்களை அணிசெய்த வண்ணப் படங்களெல்லாம் அக்கையின் வேலையே. இளமை பூல் என்னும் துறைமுகத்தில் கழிந்தது.

1827-இல், பதினேழாம் வயதில், நியூபவுண்ட்லாந்திலுள்ள கார்பனியர் என்னும் ஊரில் ஒரு வாணிகக் கழகத்தின் கணக்கராக அவர் கப்பலேறினார். சீல் வேட்டையும் மீன் வாணிகமும் அவ்விடத்துத் தொழில். 1832-இல் நுணுக்குக்கண்ணாடியைப் பற்றிய பழைய நூலொன்றை விலைக்கு வாங்கினார். அன்று தொடங்கிய பூச்சியாராய்ச்சி அவர் வாழ்வின் போக்கையே மாற்றிவிட்டது. பின்னர்க் கனடாவில் நிலம் வாங்கி மூன்றாண்டு உழுதார். பயிரினும் பூச்சிகளையே மிகுதியாகக் கவனித்தார் போலும், வேளாண்மையிற் பயன் கண்டிலர். 1838-இல் அலபாமா நாட்டிற் பள்ளி ஆசிரியராகச் சின்னாள் இருந்தார். அங்கு நிலவிய அடிமை முறையின் கொடுமை அவர் நெஞ்சை வருத்திற்று. மறு ஆண்டு வெறுங்கையராய்த் தாய்நாடு திரும்பினார். கப்பலிலேயே எழுதிய கனடா நாட்டு இயற்கை நூலொன்றே அவர் கொணர்ந்த செல்வம்.

1844-இல் ஜமெய்க்காத் தீவிற்குச் சென்று பதினெட்டுத் திங்களளவு பறவைகளை ஆராய்ந்தார். சாமுவேல் காம்பெல் என்னும் கறுப்பின இளைஞர் அவருக்கு உதவியாளராய் உடனிருந்தார். அத்தீவினராகிய ரிச்சர்டு ஹில் என்பார் அளித்த துணையையும் காஸ் தம் நூல்முகப்பிலேயே பெயர் கூறிப் பாராட்டியுள்ளார். அக்காலத்தில் இங்ஙனம் கடன் ஒப்புக்கொள்வோர் மிகச் சிலரே. 1848-இல் எமிலி பௌஸ் என்னும் எழுத்தாற்றல் மிக்க அம்மையாரை மணந்தார். மறு ஆண்டு செப்டம்பரில் மகன் எட்மண்டு பிறந்தான். குழந்தை பிறந்ததையும், ஜமெய்க்காவிலிருந்து ஒரு பச்சைத் தகைவிலான் குருவி வந்து சேர்ந்ததையும் தந்தையார் தம் நாட்குறிப்பில் அடுத்தடுத்து ஒரே மூச்சில் எழுதி வைத்தார். அன்பில்லாதவர் என்று இதனாற் கருதற்க. இரண்டுமே அவருக்கு அன்று வந்த பேறுகள்.

இனி நம் பொருளுக்கு வருவோம். 1852-இல் உடல்நலம் குன்றியமையால் காஸ் டெவன்ஷயர்க் கடற்கரைக்குச் சென்று தங்கினார். வற்றுக்காலத்தில் பாறைக் குழிகளிற் தேங்கிய தெளிநீரும், அதனுள் மலர்போல் விரியும் கடற்சாமந்திகளும், சிறு தனிப்பவழங்களும் அவரைக் கவர்ந்தன. இவற்றை உயிரோடு வைத்திருத்தல் கூடுமோ என்பது அவர் வினா. இவ்வினாவை எழுப்பியவர் அவர் ஒருவரே அல்லர். அன்னா தைன் என்னும் அம்மையார் 1846-ஆம் ஆண்டிலேயே பவழங்களை லண்டனுக்குக் கொணர்ந்து, நீரைக் கலத்துக்குக் கலம் மாற்றி ஊற்றிக் காற்றேற்றிக் காத்து வந்தார். ராபர்ட்டு வாரிங்டன் என்னும் இரசாயன நூல் வல்லார், பச்சைச் செடிகள் வெளியிடும் பிராணவாயு விலங்குகட்கும், விலங்குகள் வெளியிடும் கரியமிலவாயு செடிகட்கும் உதவுதலின் இரண்டும் சமநிலையில் இருப்பின் நீரை மாற்ற வேண்டுவதில்லை என 1850-இல் விளக்கினார். 1853-இல் லண்டன் ரீஜெண்டுப் பூங்காவிலுள்ள விலங்குச் சாலையில் மீன் மனை திறக்கப்பட்டது. அதற்குக் கடலுயிர்கள் திரட்டித் தந்தவருள் காஸ் ஒருவர்.

ஒரு தடை மட்டும் நீங்கவில்லை. உயிர்களைக் கொணரலாம், கடலைக் கொணர்வது எங்ஙனம்? நீராவிக் கப்பல் மீகாமனிடம் சொல்லி, ஆற்றுமுகம் கடந்த தூய நீரைப் பீப்பாயில் வருவித்தல் வேண்டும். பீப்பாயின் ஓக்கு மரச் சாறு சிறிது கலப்பினும் அந்நீர் கெடும். உள்நாட்டில் வாழும் எளியோர்க்கு இஃது எட்டாக் கனியாயிற்று.

1854-ஆம் ஆண்டு இளவேனிலில் காஸ் இதற்கு வழி தேடினார். ஷ்வைட்சர் என்பார் பிரைட்டன் கடல்நீரைப் பகுத்து 1839-இல் வெளியிட்ட கணக்கு அவர் கைக்குக் கிடைத்தது. அதன்படி ஆயிரம் பங்கு கடல்நீரில் கறியுப்பு 27.059, மக்னீஷியக் குளோரைடு 3.666, மக்னீஷிய சல்பேட்டு 2.296, சுண்ணாம்பு சல்பேட்டு 1.407, பொட்டாஷியக் குளோரைடு 0.766 பங்குகள் உள. சுண்ணாம்புக் கார்பனேட்டும் மக்னீஷிய புரோமைடும் அணுவளவே உள. இவ்வேழனுள் மூன்றை அவர் துணிந்து தள்ளினார். புரோமைடு மிகச் சிறிது. கார்பனேட்டு, தொட்டியின் அடியிற் கிடக்கும் கிளிஞ்சிலிலிருந்தும் பவழத் துண்டுகளிலிருந்தும் கிடைக்கும் என எண்ணினார். ஜிப்ஸமாகிய சுண்ணாம்பு சல்பேட்டோ எளிதிற் கரையாதது. எஞ்சிய நான்கே அவர் கலவை: கறியுப்பு மூன்றரை அவுன்ஸ், பேதியுப்பு கால் அவுன்ஸ், மக்னீஷியக் குளோரைடு 200 கிரெயின், பொட்டாஷியக் குளோரைடு 40 கிரெயின். இவற்றை 4 குவார்ட்டு, அதாவது ஏறத்தாழ நாலரை லிட்டர், அளவிற்குச் சற்றுக் குறைந்த நன்னீரிற் கரைத்தார்.

கரைத்தவுடன் உயிர்களை விட்டாரல்லர். முதலிற் கடற்பாசி பற்றிய கற்களை இட்டு, அவை நீரைப் பண்படுத்தும்வரை பொறுத்திருந்தார். அதன் பின்னரே விலங்குகளை விட்டார். அவை வாடாது விரிந்து, உணவேற்று, வாரக்கணக்காய் வாழ்ந்தன. அவ்வாண்டே இயற்கை நூல் இதழொன்றில் முறையை அளவுகளோடு வெளியிட்டார். ஆதாயம் கருதி மறைத்து வைத்தல் அவர்க்கு எளிதாயிருக்கும். அவர் அது செய்யவில்லை. அதே ஆண்டில் வெளிவந்த அவரது நூலின் பெயர் அக்வேரியம் என்பது. அதுகாறும் விவேரியம் முதலிய பெயர்களால் வழங்கிய தொட்டிக்கு அப்பெயரே நிலைத்துவிட்டது. 1855-இல் தொட்டி அமைக்கும் முறையைக் கூறும் கைந்நூலொன்றும் இயற்றினார்.

இரசாயனம் பயில்வோர் இக்கலவையைச் சற்றே உற்று நோக்குதல் தகும். கறியுப்பை 100 பங்கென வைப்பின், ஷ்வைட்சர் கணக்கில் மக்னீஷியக் குளோரைடு பதின்மூன்றரைப் பங்கு. காஸ் இட்டது 13. பொட்டாஷியக் குளோரைடு 2.8-க்கு 2.6. இவை நன்கு பொருந்துகின்றன. மக்னீஷிய சல்பேட்டு எட்டரைப் பங்கிற்கு ஏழு பங்கு பேதியுப்பு இட்டார். ஆனால் கடையிற் கிடைக்கும் பேதியுப்புப் படிகத்தில் பாதி எடைக்குச் சற்று மிகுதியாகவே நீர் அடங்கியுள்ளது. ஆகவே உண்மையிற் சேர்ந்தது மூன்றரைப் பங்கேயாம். இக்குறையை நீரின் ஒப்படர்த்தி காட்டும் மிதவைக் கருவி காட்டாது. வெறுங் கறியுப்பைக் கரைப்பினும் அக்கருவி அதே கோட்டில் நிற்கும்.

சுண்ணாம்பைத் தள்ளியதே பெரிய குறை. கடற்சாமந்திக்கு எலும்பும் ஓடும் இல்லை, அது பொறுத்துக்கொண்டது. பவழமோ தன் கூட்டைக் கட்டுதற்கு நீரிலுள்ள கால்ஷியத்தையும் கார்பனேட்டையும் இடையறாது எடுத்துக்கொள்வது. அடியிற் கிடக்கும் கிளிஞ்சில் கடல்நீரில் அவ்வளவு எளிதிற் கரைவதில்லை. சுண்ணப்பாறை நிலத்திலூறும் லண்டன் நீர் இயல்பாகவே சுண்ணாம்பு மிக்கதாதலின், குறையின் ஒரு பகுதியை அந்நீரே நிரப்பியிருத்தல் கூடும். மென்மையான மழைநீரிற் கரைத்திருப்பின் அத்துணையும் இல்லை. இன்று பவழத் தொட்டிக்கென விற்கும் கலவைகள் வேறுபடுவதும் பெரும்பாலும் இவ்விடத்தேதான். சில, கடலில் உள்ளவாறே லிட்டருக்கு 410 முதல் 420 மில்லிகிராம் கால்ஷியம் தருகின்றன; சில, பவழம் விரைந்து வளர்தற்பொருட்டு அதனையும் காரத்தன்மையையும் உயர்த்தித் தருகின்றன. இரண்டையும் ஒரே உப்படர்த்திக்குக் கொணர்ந்த பின்னரே ஒப்பிடல் வேண்டும். இன்றேல் அளவிற் கண்ட வேற்றுமை கலவையதோ, கரைத்தவர் கையதோ, அறியவொண்ணாது. காஸின் காலத்துக்குப் பின்னரே கடல்நீரின் உப்புக்கள் எவ்விடத்தும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் உள என்பது ஐயமற நிறுவப்பட்டது. சாலஞ்சர் கப்பல் திரட்டிய 77 மாதிரிகளை டிட்மார் பகுத்து 1884-இல் வெளியிட்டார். லைமன், பிளெமிங் என்னும் இருவர் 1940-இல் வகுத்த செயற்கைக் கடல்நீர்க் கலவையில் கால்ஷியக் குளோரைடு உரிய இடம் பெற்றது.

காஸின் நூல்கள் வீடுதோறும் பரவின. 1856-இல் இராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. புகழ் வந்த அந்நாளிலேயே துயரும் வந்தது. எமிலி அம்மையார் மார்பகப் புற்றுநோயால் நெடிது வருந்தி 1857 பிப்ரவரியில் இறந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் வெளிவந்த ஓம்பலோஸ் என்னும் நூலில், உலகம் தோன்றிய காலத்தைப் பற்றிய தம் சமயக் கொள்கையையும் பாறைகள் உரைக்கும் நீண்ட காலத்தையும் இணைக்க அவர் முயன்றார். படைப்பின்போதே பழமையின் அடையாளங்களும் உடன் தோன்றின என்பது அவர் கோட்பாடு. அறிவியலாரும் ஏற்கவில்லை, சமயத்தாரும் ஏற்கவில்லை. செயிண்ட் மேரிசர்ச்சு என்னும் கடற்கரை ஊரிற் குடியேறிய அவர், அங்கிருந்து பிரித்தானியக் கடற்சாமந்திகளையும் பவழங்களையும் பற்றிய பெருநூலை 1858 முதல் 1860 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். அதன் படங்களைக் கண்டோர் அவர் தந்தையார் தொழிலை நினைவுகூர்வர். 1860-இல் எலைசா பிரைட்வென் அம்மையாரை மறுமணம் புரிந்தார்.

மற்றொரு துயர் மெல்ல வந்தது. அவர் நூல்களைப் படித்தோர் கூடையும் உளியும் ஏந்திக் கடற்கரைக்குத் திரண்டனர். நீரைச் சமைக்கும் வழி தெரிந்தது. உயிர்களைச் சமைக்கும் வழி யாருக்கும் தெரியாதன்றோ. ஆயிரமாயிரம் ஆண்டுகளாய்த் தீண்டப்படாதிருந்த பாறைக் குழிகள் சில ஆண்டுகளில் வெறுமையாயின. தாம் எழுதியதே இதற்குக் காரணமாயிற்று என்பதை உணர்ந்து காஸ் மிக வருந்தினார் என மகன் எட்மண்டு 1907-இல் வெளியிட்ட தம் நூலிற் கூறியுள்ளார். தந்தையோடு அக்குழிகளிற் குனிந்து திரிந்த சிறுவன் அவனே.

முதுமையிற் காஸ் ஆர்க்கிடுச் செடிகள் வளர்த்தார். ஹட்சன் என்பாருடன் சேர்ந்து ரோட்டிபர் என்னும் நுண்ணுயிர்களை ஆராய்ந்து நூல் எழுதினார். விண்மீன்களை நோக்கும் ஆர்வமும் அவரை விடவில்லை. குளிர்கால இரவொன்றில் தூரதிருஷ்டிக் கண்ணாடியருகே நெடுநேரம் நின்றமையால் மார்ச்சளி பற்றி, அதினின்று முற்றும் தேறாது, 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 23-ஆம் நாள் தமது எழுபத்தெட்டாம் வயதில் செயிண்ட் மேரிசர்ச்சில் உயிர் நீத்தார்.