வேதாகமம் படித்த நாவலர்

சமய பாட வேளைக்கு மணி அடித்ததும் நாம் இரண்டாகப் பிரிவோம். சைவப் பிள்ளைகள் வகுப்பிலேயே இருக்க, கிறிஸ்தவப் பிள்ளைகள் தங்கள் புத்தகங்களோடு அடுத்த அறைக்குப் போவார்கள். ஆறுமுக நாவலர் சைவ அறையில் இருந்தார். வேதாகமம் மற்ற அறையில் இருந்தது. ஆனால் நாவலரின் இளமையில் பல ஆண்டுகள் இரண்டும் ஒரே மேசையில் இருந்தன. அந்தக் கதையை இரண்டு அறைகளிலும் நாம் விரிவாகக் கேட்டதில்லை. இரண்டு அறைப் பிள்ளைகளும் சேர்ந்து வாசிக்கும் இந்த மலரில் அதைச் சொல்வது பொருத்தமென்று தோன்றியது.

1822 டிசம்பர் 18 அன்று நல்லூரில் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசி மகனாகப் பிறந்தார் ஆறுமுகம். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். தந்தை முடிக்காமல் விட்ட நாடகத்தை இந்தச் சிறுவனே எழுதி முடித்தான் என்பது அவர் வரலாற்றில் தவறாது வரும் செய்தி. சரவணமுத்துப் புலவரிடமும் சேனாதிராச முதலியாரிடமும் தமிழ் கற்றார். ஆங்கிலம் கற்க வெஸ்லியன் மிஷன் பாடசாலைக்குப் போனார். இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அதுதான். அரச உத்தியோகத்துக்கு அக்காலத்தில் அதுவே வாசல். இருபது வயதளவில் அங்கேயே ஆசிரியராகவும், அதிபர் பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்குத் தமிழ்த் துணைவராகவும் ஆனார்.

பேர்சிவலின் கையில் அப்போது பெரிய வேலை ஒன்று இருந்தது. தமிழ் வேதாகமத்தைப் புதிதாக மொழிபெயர்ப்பது. தரங்கம்பாடியில் சீகன்பால்க் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு நூறாண்டுக்கு மேலாகியிருந்தது. அதன் பின் வந்த பப்ரிசியஸின் மொழிபெயர்ப்பைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் மனப்பாடமாக்கி வைத்திருந்தார்கள். பேர்சிவலோ, கற்ற தமிழரும் முகம் சுளிக்காமல் வாசிக்கக்கூடிய நடை வேண்டுமென்று விரும்பினார். அதற்குக் கிடைத்தவர் ஞானஸ்நானம் பெறாத, பெற விரும்பாத ஒரு சைவ இளைஞர்.

இந்த வேலையின் கடினம் நம்மில் மருத்துவம் படித்தவர்களுக்குச் சட்டென விளங்கும். அதே காலத்தில் மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழில் எழுத முனைந்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடினார். நோயின் பெயரைத் தமிழில் சொல்லும்போது அந்தச் சொல் ஏற்கெனவே சுமந்து நிற்கும் பொருளும் கூடவே வரும். வேதாகமத்திலும் அதுவே நடந்தது. கடவுளுக்கு எந்தச் சொல்? பப்ரிசியஸ் பராபரன் என்றார். பின்னால் வந்தவர்கள் தேவன் என்றார்கள். பலி, பூசை, ஆலயம், குரு, தீட்சை, இரட்சிப்பு எல்லாம் ஏற்கெனவே கோயிலிலும் மடத்திலும் புழங்கிய சொற்கள். வேதாகமம் என்ற பெயரே வேதம், ஆகமம் என்ற இரண்டு சைவச் சொற்களின் கூட்டு. எந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று நாள்தோறும் எடைபோட்ட இளைஞர், மூலநூலின் வாதத்தைத் தம் கைரேகை போல அறிந்துகொண்டதில் வியப்பில்லை.

1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் நாவலர் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். மறு ஆண்டு மிஷன் வேலையை விட்டு, சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1849 இல் திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் பட்டம் அளித்தது; சென்னையிலிருந்து அச்சியந்திரமும் வந்தது. பிரசங்கம், பாடசாலை, வினாவிடை, மலிவு விலையில் அச்சுப் புத்தகம் ஆகிய நான்கும் பாதிரிமாரிடம் பார்த்துக் கற்ற கருவிகள். பேர்சிவலின் வேதாகமம் 1850 இல் சென்னையில் வெளிவந்தபோது, அதில் உழைத்தவர் மறுகரையில் நின்றார்.

1854 இல் அவர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தைத்தான் நாம் ஊன்றிப் பார்க்கவேண்டும். கோயில் வழிபாடு கல்லை வணங்கும் மூடத்தனம் என்று மிஷன் துண்டுப்பிரசுரங்கள் பழித்துக்கொண்டிருந்த காலம். நாவலர் சைவ நூல்களை மட்டும் காட்டிப் பதில் சொல்லியிருந்தால் பாதிரிமார் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். அவர் வேதாகமத்தையே திறந்தார். யாத்திராகமத்திலும் லேவியராகமத்திலும் உள்ள கூடாரம், பலிபீடம், அணையாத விளக்கு, தூபம், அபிஷேக எண்ணெய், ஆசாரியரின் உடை, படைக்கும் அப்பம், தீட்டு, கழுவாய் எல்லாவற்றையும் எடுத்துக்காட்டி, இவற்றைக் கடவுளே விதித்தார் என்று நம்புகிறவர்கள் எங்கள் கோயிலில் எதைப் பழிக்கிறீர்கள் என்று வாதாடினார். கிறிஸ்தவத்தின் நூலைக் கிறிஸ்தவத்துக்கு வெளியே நின்று, ஆனால் அதன் சொல்லைச் சொல்லாகவே மதித்து வாசித்த வாசிப்பு அது. அந்த நூலில் தெரிந்த வேதாகம அறிவைக் கண்டு மிஷனரிமாரே வியந்தனர். அதே 1854 இல் பேர்சிவல் இலண்டனில் இந்தியரின் சமயத்தைப் பற்றித் தம் ஆங்கில நூலை வெளியிட்டார். குருவும் சீடரும் ஒரே ஆண்டில் ஒருவர் சமயத்தைப் பற்றி மற்றவர் எழுதினார்கள்!

இங்கே நாம் ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. லேவியராகமம் 12 ஆம் அதிகாரத்தின்படி ஆண் பிள்ளை பெற்றவளுக்கு 40 நாள் தீட்டு, பெண் பிள்ளை பெற்றவளுக்கு 80 நாள். நம் வீடுகளில் துடக்கு 31 நாள். பிரசவ அறையில் வேலை செய்யும் நமக்கு இந்த ஒற்றுமை பெருமையாகப் படவில்லை. எந்தத் தாயிடமும் இரு தரப்பாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. 1824 இலேயே அமெரிக்க மிஷன் உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை நடத்தியது. நாவலரின் பாடசாலையோ ஆண் பிள்ளைகளுக்கானது. சாதி விடயத்திலும் அவர் தம் காலத்து வேளாள ஆசாரத்தைத் தாண்டவில்லை. வேதாகமத்தை அத்தனை கூர்மையாக வாசித்த கண், சொந்த ஊரின் இந்தப் பக்கத்தை அப்படி வாசிக்கவில்லை என்பது நமது எண்ணம். அதற்காக அவர் வாசிப்பின் மதிப்பை நாம் குறைத்துச் சொல்லவும் மாட்டோம்.

1872 இல் யாழ்ப்பாணச் சமயநிலை என்ற நூலில், இடிந்து மண்மூடிக் கிடந்த திருக்கேதீச்சரத்தை மீட்கும்படி நாவலர் எழுதினார். திருகோணமலையில் இதை வாசிக்கும்போது மனம் சும்மா இருப்பதில்லை. பாடல் பெற்ற மற்றத் தலம் நம்முடையது. 1620களில் போர்த்துக்கேயர் அதையும் இடித்தார்கள். கற்கள் கோட்டைச் சுவராயின. நாவலர் காலத்தில் சுவாமிமலையில் கோயில் இல்லை; 1963 வரை நாம் காத்திருந்தோம். எருசலேம் ஆலயம் இடிபட்டதையும், திரும்பி வந்தவர்கள் அதைக் கட்டியெழுப்பியதையும் இளமையில் வரி வரியாகப் படித்தவரின் பேனாவிலிருந்து அந்த வேண்டுகோள் வந்தது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை.

1877 பஞ்சத்தில் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி நடத்தினார். 1879 டிசம்பர் 5 அன்று, திருமணம் செய்யாமலே, 57 வயது நிறையுமுன் மறைந்தார். பேர்சிவலின் மொழிபெயர்ப்பு நிலைக்கவில்லை. பழைய நடைக்குப் பழகிய சென்னைச் சபைகள் அதை ஏற்கத் தயங்கின. ஹென்றி பவர் குழுவின் 1871 ஆம் ஆண்டுத் திருப்பதிப்பே புரொட்டஸ்தாந்து ஆலயங்களில் வேரூன்றியது. நமது கிறிஸ்தவத் தோழிகள் அடுத்த அறைக்கு எடுத்துச் சென்றதும் அதன் வழி வந்த புத்தகமே. 1850 ஆம் ஆண்டுப் பதிப்பு இன்று ஆய்வாளர் தேடிப்போகும் அரிய நூல். அதில் எந்தச் சொல் பாதிரியார் போட்டது, எது திருநீறு பூசிய அந்த இளைஞர் எடுத்துக் கொடுத்தது என்று இனி எவராலும் பிரித்தெடுக்க முடியாது.