நாடகப் பேராசிரியர் பம்மல் சம்பந்த முதலியார்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாதென்று நம் முன்னோர் கூறுவர். இது ஒழுக்கத்திற்குப் பொருந்துவதுபோல் கலைச்சுவைக்கு முற்றும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. சிறுவயதில் ஒரு கலையை ஏறெடுத்தும் பாராதவர், வயது வந்தபின் ஒருநாள் அதனை அதன் உயர்ந்த நிலையிற் கண்டு, அன்று முதல் அதற்கே தம்மை ஒப்புவித்ததும் உண்டு. தமிழ் நாடகத்தை வெறுத்து வளர்ந்து, பின்னர் அதன் தந்தையென்றே போற்றப்பெற்ற ராவ்பகதூர் பம்மல் சம்பந்த முதலியாரின் வரலாறு இதற்குச் சிறந்த சான்றாகும். மக்களைப் படிக்கவைக்கும் பெற்றோரும், படித்து வெளிவரும் இளைஞரும் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

பிறப்பும் கல்வியும்

இவர் 1873-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சென்னையிற் பிறந்தார். தந்தையார் விஜயரங்க முதலியார், தாயார் மாணிக்கவேலம்மாள். பல்லாவரத்திற்கு அருகிலுள்ள பம்மல் என்னும் ஊர் இவர் குடும்பத்தின் பூர்விக ஊராதலின், அப்பெயர் இவர் பெயரோடு இணைந்து நின்றது. கல்வியில் பற்றுடைய குடும்பம். ஆங்கிலக் கல்வி பெற்றுப் பட்டம் பெறுதலும், அதன்பின் சட்டம் பயின்று வக்கீலாதலுமே அக்காலத்து நற்குடிப் பிள்ளைகளுக்கு முன்னிருந்த நேரான வழி. அவ்வழியிலேயே இவரும் சென்றார். கலாசாலையில் ஷேக்ஸ்பியர் முதலிய மேனாட்டு நாடகாசிரியர்களின் நூல்களைப் படித்துச் சுவைத்தார்.

நாடக நூல்களைச் சுவைத்த இவர், தம் தாய்மொழியில் நடந்த நாடகங்களை மட்டும் அறவே வெறுத்தார். இவ்வெறுப்பிற்குக் காரணமும் இருந்தது.

அக்காலத்து மேடை

அந்நாளில் சென்னையில் மக்கள் கண்டவை தெருக்கூத்தும், அதன் வழியை ஒட்டி மேடையேறிய கம்பெனி நாடகங்களுமேயாம். இரவு உண்டபின் தொடங்கும் ஆட்டம் விடியும்வரை நடைபெறும். முதலிற் கட்டியக்காரன் தோன்றி, வரப்போகும் அரசனின் பெருமைகளை எடுத்துரைப்பான். பின்பு திரைக்கு அப்பால் நின்றபடியே அரசன் பாடத் தொடங்குவான். பாடி முடித்தபின்னரே முகங்காட்டுவான். மகிழ்ச்சியானாலும் மரணமானாலும் பாட்டே முதன்மை. வசனம் அவ்வப்போது நடிகர் வாய்க்கு வந்தபடி வருவது. கூத்திற்கென்று தனியான இலக்கணமும் அழகும் உண்டென்பதை இக்காலத்து ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆனால் ஆங்கில நாடக நூல்களில் ஊறிய ஒரு கலாசாலை மாணவருக்கு அது புலப்படவில்லை. அவருக்கு அது நகைப்பிற்கிடமாகவே தோன்றிற்று.

மற்றொரு தடையும் இருந்தது. நடிப்பவர் எவராயினும் அவரைக் கூத்தாடியென்று இகழ்தல் அக்காலத்து வழக்கம். மேடையில் அரிச்சந்திரனைக் கண்டு கண்ணீர் வடித்தவரே, மறுநாள் காலையில் அந்த நடிகரைத் தம் திண்ணையில் இருத்தத் தயங்குவர். நற்குடிப் பிள்ளை ஒருவன் வேஷம் போட்டானெனில், குடும்பத்திற்கே இழுக்கு நேர்ந்ததாகக் கருதினர். ஆதலின் சம்பந்த முதலியார் தமிழ் நாடகத்தில் தலையிடுவாரென்று அன்று எவரும் எண்ணியிரார், அவர்தாமும் எண்ணியதில்லை.

மனமாற்றம்

1891-ஆம் ஆண்டில் பல்லாரியினின்று சரச விநோதினி சபையார் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடித்தனர். அச்சபையின் தலைவர் தர்மவரம் ராமகிருஷ்ணமாசார்லு. இவர் தொழிலால் வக்கீல். பிற்காலத்தில் ஆந்திர நாடக பிதாமகர் என்று கொண்டாடப்பட்டவர். சம்பந்த முதலியாருக்கு அப்பொழுது வயது 18. அந்நாடகங்களைக் காணச் சென்றார்; அங்குக் கண்ட காட்சி அவர் வாழ்க்கையின் போக்கையே மாற்றிவிட்டது.

நாடகம் அங்கங்களாகவும் காட்சிகளாகவும் முறைப்படி வகுக்கப்பட்டிருந்தது. பாத்திரங்கள் தத்தம் நிலைக்கேற்பப் பேசினர். நடிப்பவர் தம்மை மறந்து, தாம் தாங்கிய பாத்திரமாகவே நின்றனர். ஷேக்ஸ்பியரைப் படிக்கும்பொழுது தம் மனத்துள்ளே எழுந்த உணர்ச்சி, இங்கே விளக்கொளியில், உயிருள்ள மனிதரின் குரலிலும் முகத்திலும் எழுவதை இவர் கண்டார். நூலாகக் கையில் இருந்தபொழுது நாடகம் இவருடைய அறிவை மகிழ்வித்தது. மேடையில் உயிர்பெற்று எழுந்தபொழுது இவரையே ஆட்கொண்டது.

இதனினும் வியப்பூட்டியது மற்றொன்று. நடித்தவருட் பலர் வக்கீல்களும் அரசாங்க உத்தியோகஸ்தர்களுமாக இருந்தனர். வயிற்றுப் பிழைப்பிற்காக அல்லாமல், கலையின்மேல் உள்ள காதலாலேயே அவர்கள் மேடையேறினர். படித்தவர் நடித்தால் மானம் போய்விடும் என்ற எண்ணம் அன்றே இவர் உள்ளத்தினின்று அகன்றது. தெலுங்கில் இயல்வது தமிழில் ஏன் இயலாது என்ற வினா அவ்விடத்தில் பிறந்தது.

சுகுண விலாச சபை

வெறுப்பு நீங்கி விருப்பம் எழுதல் பலருக்கும் நேர்வதே. அவ்விருப்பத்தைச் செயலாக்குவோர் சிலரே. அதே 1891-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதி, நண்பர் சிலருடன் கூடிச் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். கையிற் பொருளில்லை, நடிக்க நாடகமில்லை, நடித்துப் பழகியவரும் இல்லை. இருந்தது ஆர்வம் ஒன்றே.

தமிழில் இவர் விரும்பிய முறையில் நாடகங்கள் இல்லாமையால், எழுதும் பொறுப்பையும் இவரே ஏற்றார். 1893-இல் இவர் இயற்றிய புஷ்பவல்லி மேடையேறிற்று. தொடர்ந்து லீலாவதி சுலோசனா, மனோகரா, கள்வர் தலைவன், இரண்டு நண்பர்கள், சபாபதி எனப் பல நாடகங்கள் பிறந்தன. இவர் ஆயுளில் எழுதியவை 90-க்கும் மேற்பட்டன. பாட்டையே நம்பி நின்ற மேடையில் வசனத்திற்கு அரியணை அளித்தது இவர் செய்த முதற் பெருந்தொண்டு. துன்பத்தில் முடியும் நாடகங்களை மக்கள் விரும்பார் என்ற எண்ணம் நிலவிய காலத்தில், அத்தகைய நாடகங்களையும் துணிந்து எழுதினார்.

தம் இளமையிற் படித்துச் சுவைத்த ஷேக்ஸ்பியரையும் இவர் மறந்தாரில்லை. ஹாம்லெட் அமலாதித்யன் ஆனான். மாக்பெத் மகபதி ஆனான். வெனிஸ் நகர வர்த்தகன் வாணிபுர வணிகன் ஆனான். பெயரும் ஊரும் உடையும் நம் நாட்டிற்கேற்ப மாறினும், கதையின் கட்டுக்கோப்பைக் குலைக்காது காத்தார்.

சபை நாளடைவில் வளர்ந்தது. விக்டோரியா பொதுமண்டபத்தில் சபையின் நாடகங்கள் நடைபெற்றன. தமிழ் மட்டுமன்றித் தெலுங்கு, வடமொழி, ஆங்கிலம் முதலிய மொழிகளிலும் உறுப்பினர் நடித்தனர். பிற்காலத்தில் தேசத் தொண்டிற் புகழ்பெற்ற எஸ். சத்தியமூர்த்தி இச்சபையில் மனோகரனாக வேஷம் தாங்கியவர். வக்கீல்களும் கல்விமான்களும் அரிதாரம் பூசி மேடையில் நிற்பதைக் கண்ட மக்கள், கூத்தாடி என்ற இகழ்மொழியை எளிதிற் சொல்ல முடியாதவராயினர். ஒரு சொல்லின் இழிவை நீக்குவதற்கு எத்தனை பேருடைய துணிவு வேண்டியிருந்தது என்பதை நாம் நினைந்து பார்த்தல் வேண்டும்.

மனோகரா

இவர் நாடகங்களுள் பெரும்புகழ் பெற்றது மனோகரா. புருஷோத்தம மன்னன் வசந்தசேனை என்பவளின் மோகத்தில் மூழ்கி, பட்டத்தரசி பத்மாவதியைப் புறக்கணிக்கிறான். மகன் மனோகரன் மாவீரன். ஒரு நொடியில் அநீதியை அழிக்க வல்லவன். ஆயினும் தாய் அவனைப் பொறுமையென்னும் கட்டிற்குள் நிறுத்தி வைத்திருக்கிறாள். பகைவர் சங்கிலியால் பிணிக்கையிலும் அவன் தாய்சொல்லை மீறவில்லை. இறுதியில் தாயே பொறுமையைக் கைவிட்டு அவனை ஏவும்பொழுது, சங்கிலியை அறுத்தெறிந்து எழுகிறான்.

இக்காட்சியைக் காண்பதற்கென்றே மக்கள் திரண்டனர். அதன் வெற்றிக்குக் காரணம் சங்கிலி அறுவதன்று. அதுவரை வீரன் ஒருவன் தன்னைத்தானே அடக்கிக்கொண்டு நிற்கும் வேதனை நம்மையும் அடக்கி வைத்திருப்பதேயாம். உயிருள்ள நடிகனும், அவனோடு மூச்சடக்கி இருக்கும் சபையும் கூடினாலன்றி இவ்வனுபவம் நிறைவெய்தாது. பல்லாரி சபையாரிடத்தில் 18 வயதில் தாம் பெற்றதை, மனோகராவின் வாயிலாகத் தமிழ் மக்களுக்கு இவர் திருப்பி வழங்கினார் எனலாம்.

டி. கே. எஸ். சகோதரர் முதலிய தொழில்முறைக் குழுவினரும் இந்நாடகத்தை ஊர்தோறும் நடித்தனர். 1936-இலும் 1954-இலும் இது திரைப்படமாயிற்று. சபாபதி 1941-இல் திரைப்படமாக வந்து மக்களை நகைக்கவைத்தது.

கடமையும் கலையும்

நாடகத்தில் ஈடுபட்டால் படிப்பும் தொழிலும் கெடும் என்று அஞ்சுவோர் இவரது வாழ்க்கையைக் கருதுதல் வேண்டும். இவர் பி. ஏ., பி. எல். பட்டங்கள் பெற்றார், வக்கீலாகத் தொழில் நடத்தினார், 1924 முதல் 1928 வரை சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாக விளங்கினார். பகலில் வழக்கும் மாலையில் ஒத்திகையும் என்று நாளைப் பகுத்துக்கொண்டார். பாத்திரத்தின் வசனத்தை முற்றும் மனப்பாடம் செய்யாது மேடையேறுதலை இவர் விரும்பியதில்லை. பொழுதுபோக்காகச் செய்வதாயினும் செம்மையாகச் செய்தல் வேண்டும் என்பதே இவர் கொள்கை. நீதிமன்றத்திற் காட்டிய ஒழுங்கை இவர் மேடையிலும் காட்டினார்.

இவருக்கு வாய்த்த நண்பர்களுள் தலையாயவர் ரங்கவடிவேலு. அக்காலத்தில் ஆடவரே பெண்வேஷம் தாங்கினர். இவர் தலைவனாக வர, ரங்கவடிவேலு தலைவியாக வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் உடன் நடித்தார். 1923-இல் ரங்கவடிவேலு காலஞ்சென்றார். அப்பிரிவு சம்பந்த முதலியாரின் உள்ளத்தைப் பெரிதும் வாட்டிற்று. மேடையில் நடிகன் ஒருவன் தன் எதிரில் நிற்பவனையே நம்பி நிற்கிறான். அத்தகைய துணையை இழத்தல் குரலிற் பாதியை இழத்தலை ஒக்கும். எனினும் இவர் தொண்டு நின்றுவிடவில்லை.

சபையார் இலங்கைக்கும் சென்று நடித்தனர். யாழ்ப்பாணத்தைச் சார்ந்த கலையரசு சொர்ணலிங்கம் இவரையே குருவாகக் கொண்டு, ஈழநாட்டில் நாடகக் கலையை வளர்த்தார். தெலுங்கு நாட்டினின்று வந்த பொறி தமிழ்நாட்டில் விளக்காகி, கடல் கடந்தும் ஒளி வீசிற்று.

முதுமையும் புகழும்

நாடக மேடை நினைவுகள் என்ற நூலில் தம் அனுபவங்களை இவர் பல பாகங்களாக எழுதிவைத்தார். வெற்றியை மட்டும் சொல்லித் தோல்வியை மறைக்கும் நூலன்று அது. தாம் ஒருகாலத்தில் தமிழ் நாடகத்தை வெறுத்ததையும் அதில் ஒளிக்காமற் பதித்துள்ளார். இளமையில் கம்பெனி நாடகங்களை எள்ளிய இவரே, பின்னாளில் தாம் கண்ட நாடகக் கலைஞர்களைப் பற்றித் தனி நூல் எழுதித் தொழில்முறை நடிகர்களின் திறத்தையும் போற்றினார். உண்மையான கலைப்பற்று இவ்வாறே மனத்தை விரியச்செய்யும். ஒன்றைக் காதலிக்கத் தொடங்குபவன், முன்பு தான் புறக்கணித்தவரிடத்தும் அதன் ஒளியைக் காண்பான்.

1916-இல் ராவ்பகதூர் பட்டமும், 1959-இல் பத்மபூஷண் விருதும் இவரை நாடி வந்தன. 1964-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் தேதி, தம் 91-ஆம் வயதில் இவர் இறைவனடி சேர்ந்தார்.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? சம்பந்த முதலியார் 1891-இல் அந்நாடகங்களைக் காணப் போகாமல், தம் வெறுப்பையே பெருமையாகக் கருதி வீட்டில் இருந்திருப்பாராயின், சென்னைக்கு மேலும் ஒரு நல்ல வக்கீல் கிடைத்திருப்பார். தமிழுக்கு மனோகரா கிடைத்திராது. தாம் கொண்ட கருத்தைக் கண்ணாற் கண்ட உண்மைக்கு முன் விட்டுக்கொடுத்ததே இவருடைய முதல் வெற்றி. மற்றவை யாவும் அதன்பின் உழைப்பால் வந்தவை.

ஆதலின் பெற்றோர் தம் மக்களை நல்ல நாடகங்களுக்கு அழைத்துச் செல்வார்களாக. சிறுவயதில் அவ்வாய்ப்பைப் பெறாதவர், காலம் கடந்ததென்று சோர்வடைதல் வேண்டா. நம் குடும்பத்தில் ஒருவர் கலையில் நாட்டங்கொண்டால், அவரைக் குலத்திற்கு இழுக்கென்று கருதாமல், கடமையோடு கலையையும் பேண ஊக்குவிப்பதே அப்பெருந்தகைக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.